சேர்க்கும் முன் தலை எண்ணுங்கள்: ஒரு சின்ன மாற்றுப் பள்ளியில் எங்கள் அனுபவம்

மாற்றுப் பள்ளி, அதாவது வழக்கமான முறையில் பாடம் நடத்தாத பள்ளி, என்று பேச்செடுத்தாலே கேள்விகள் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் போகும். பாடப்புத்தகம் உண்டா, பரீட்சை வைப்பார்களா, நாளைக்குப் பிள்ளை போட்டித் தேர்வு எழுதுமா, சும்மா மண்ணில் விளையாடவிட்டு அனுப்பிவிடுவார்களா. நானும் இதையெல்லாம் கேட்டேன். திருப்தியான பதில்களும் கிடைத்தன. ஆனால் எங்களை அலைக்கழித்தது கற்பிக்கும் முறை இல்லை. அந்தப் பள்ளியில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்ற எண்ணிக்கைதான். அது இறங்க இறங்க என் மகளின் படிப்பும் சேர்ந்து இறங்கியது. இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடத்தியவர்கள் நல்லவர்கள், இன்றைக்கும் பார்த்தால் நின்று பேசுகிறோம்.

நாங்கள் இருப்பது கொங்குப் பகுதியில் ஒரு சிற்றூர். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், கணவருக்கு லேத் பட்டறை. மகள் 2019 ஜூனில் பக்கத்து டவுனில் ஒரு நர்சரி பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். வருடம் முடிவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. இரண்டாம் வகுப்பு முழுக்க ஃபோனில். வகுப்பு நடக்கும்போதே ஃபோனைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு ஓடிப்போவாள். எழுத்துக்கூட்டிப் படிப்பதுகூட மறந்து போயிருந்தது. அப்போதுதான் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்தில், வேப்பமரத்தடியிலும் ஓட்டுக் கொட்டகையிலும் ஒரு பள்ளி நடக்கிறது என்று கேள்விப்பட்டோம். 2021-இல் மூன்றாம் வகுப்பு வயதில் சேர்த்தோம். வருடத்துக்கு 30,000 ரூபாய், திருப்பித் தரும் வைப்புத்தொகை 20,000. தமிழ் வழி. ஆசிரியர்களைப் பிள்ளைகள் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். வயதுவாரியாக வகுப்பு கிடையாது, மூன்று குழுக்கள் மட்டும்.

முதல் வருடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. சில மாதங்களில் தானாகக் கதைப் புத்தகம் எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். தோட்டத்துப் பாத்திகளை அளந்து பரப்பளவு கண்டுபிடித்தாள், சந்தைக்குப் போய் விலை விசாரித்துக் கணக்குப் போட்டாள். கேள்வி கேட்டால் தயங்காமல் பதில் சொன்னாள். அந்த வருடம் பள்ளியில் 46 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள்.

அந்த 46 எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். 2021-இல் எங்கள் பகுதியில் ஒரு தனி வகைக் கூட்டம் இருந்தது. பெங்களூரிலும் சென்னையிலும் ஐ.டி. வேலை பார்த்தவர்கள் ஊரடங்கில் சொந்த ஊருக்கு வந்து லேப்டாப்போடு தங்கிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் பாதிப் பேர். மீதிப் பேர் எங்களைப் போல, ஃபோன் வகுப்புக்குக் கட்டணம் கட்டிச் சலித்தவர்கள். 2021 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை பள்ளிகள் திறந்ததும் இரண்டாவது வகையில் சிலர் பழைய பள்ளிக்கே போனார்கள். அடுத்த வருடம் கம்பெனிகள் ஆபீசுக்கு வரச்சொன்னதும் முதல் வகை மூட்டை கட்டியது. 2022 ஜூனில் 33 பிள்ளைகள். 2023 ஜூனில் 21.

நான் கணக்குக்காரி, எண்களை அப்படியே விட எனக்கு மனசு வராது. 46 பிள்ளைகள் என்றால் வருடத்துக்கு 13,80,000 ரூபாய் வரவு. ஐந்து ஆசிரியர்களுக்குத் தலைக்கு மாதம் 13,000 சம்பளம் போட்டால் வருடத்துக்கு 7,80,000. மீதியில் தோட்ட வாடகை, வேன், டீசல், மதியச் சாப்பாடு எல்லாம் ஓடிவிடும். 21 பிள்ளைகள் என்றால் வரவு 6,30,000. இரண்டு ஆசிரியர்களை அனுப்பிவிட்டு மூன்று பேரை வைத்துக்கொண்டாலும் சம்பளத்துக்கே 4,68,000 போய்விடும். மிச்சப் பணத்தில் வேன் ஓட்டுவதா, சோறு போடுவதா? பெரிய மெட்ரிக் பள்ளியில் இருபது பேர் விலகினால் அடுத்த வாரமே வேறு இருபது பேர் வருவார்கள். சின்னப் பள்ளியில் நான்கு குடும்பம் கிளம்பினால் ஓர் ஆசிரியர் வேலை போய்விடும். அதனால் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி கற்பித்தல் முறை பற்றியது அல்ல. கடந்த மூன்று வருடமாக ஜூன் மாதத்தில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், அதில் பழையவர்கள் எத்தனை பேர், புதியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கூடவே, இப்போதைய ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நேர்மையாக நடத்துகிறவர்கள் இதைச் சொல்லத் தயங்க மாட்டார்கள். ‘எண்ணிக்கை முக்கியமில்லைங்க, தரம்தான் முக்கியம்’ என்று பதில் வந்தால் அந்தப் பள்ளியில் எண்ணிக்கை பிரச்சினையாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு அறிகுறி: 2023-இல் வருடக் கட்டணத்தை மே மாதமே மொத்தமாகக் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றார்கள். எங்கள் தொழிலில் பார்ட்டி ஒருவர் இப்படிக் கேட்டால் அவர் கையில் பணமில்லை என்று புரிந்துகொள்வோம். பள்ளியிடம் அப்படி நினைக்க மனசு வரவில்லை. 27,000 கட்டினோம். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் மாதாமாதம் கட்டுவதே நல்லது. வைப்புத்தொகைக்கு ‘திருப்பித் தரப்படும்’ என்ற சொல்லோடும் தேதியோடும் ரசீது வாங்கி வையுங்கள். எங்களிடம் அப்படி ஒரு ரசீது இருந்தது. அதனால்தான் பிறகு 10,000-ஆவது திரும்பி வந்தது.

சரி, எண்ணிக்கை குறைந்ததும் படிப்பு எப்படிக் குறைந்தது என்பதற்கு வருகிறேன். வயது கலந்த குழுவில் ஒரு அழகு உண்டு, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும், அதில் இரண்டும் கற்றுக்கொள்ளும். இது நடக்க வேண்டுமென்றால் பெரிய பிள்ளைக்குச் சொல்லித்தர ஓர் ஆள் மிச்சம் இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வயதில் என் மகளோடு சேர்த்து நான்கு பேர்தான். மூன்று குழுக்கள் இரண்டாகின. பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தந்த அண்ணா வேறு வேலைக்குப் போய்விட்டார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. இவள் காலையில் போய்ச் சின்னவர்களுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தாள். ‘உங்க பாப்பா டீச்சர் மாதிரியே பொறுப்பா பாத்துக்கறாங்க’ என்று பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருடம் முழுக்க அவளுக்குப் பின்னம் சொல்லித்தர ஆள் இல்லை.

நடுவில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு கற்றல் அறிக்கை வாசித்தார்கள். பெரிய குழுவில் 75 சதவீதம் பிள்ளைகள் வயதுக்கேற்ற நிலையில் இருக்கிறார்கள் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. நான்கு பேரில் மூன்று பேர் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். தீபாவளிக்குப் பிறகு சிரமப்பட்ட அந்த ஒரு பையனை அவன் அப்பா எடுத்துக்கொண்டு போனார். இப்போது நூறு சதவீதம்! யாரும் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, ஒருவன் போனான், அவ்வளவுதான். இவ்வளவு சின்னப் பள்ளியில் சராசரி என்பதே யார் மிஞ்சினார்கள் என்ற கணக்குதான். தடுமாறும் பிள்ளையைப் பயந்துபோய் எடுத்துவிடுகிறார்கள், நன்றாகப் படிக்கும் பிள்ளையையும் பெரிய பள்ளியில் இடம் பிடிக்க வேண்டும் என்று எடுத்துவிடுகிறார்கள். அதனால் ‘எங்கள் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா’ என்று மொத்தமாகச் சொல்வதை விட்டுவிட்டு, உங்கள் பிள்ளை ஜூனில் எழுதிய நோட்டையும் ஜனவரியில் எழுதிய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்க எளிய வழியும் இருக்கிறது, எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது. அசர் என்ற கல்வி நிலை அறிக்கைக்காகப் பிரதம் அமைப்பு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் கொடுக்கும் தாள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது. வாசிப்பில் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று நான்கு படி. கணக்கில் எண்களை அடையாளம் காண்பதில் தொடங்கி, கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் வரை. பத்து நிமிட வேலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது முழுதும் வர வேண்டும். என் மகள் கதையைச் சரளமாகப் படித்தாள். வகுத்தலை வாயால் பிரித்துப் பிரித்துச் சரியான விடை சொன்னாள், ஆனால் தாளில் எழுதத் தெரியவில்லை. எங்கே பிடிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

2024 பொங்கல் விடுமுறை முடிந்ததும் கூட்டம் போட்டு, பிப்ரவரியோடு பெரிய குழுவை நிறுத்துகிறோம், சின்னவர்களை மட்டும் தொடர்கிறோம் என்றார்கள். பள்ளியை நடத்திய அக்கா அழுதேவிட்டார். எனக்குக் கோபப்படவும் முடியவில்லை, ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள், ‘நாங்க சரியாப் படிக்கலைன்னு மூடறாங்களாம்மா?’ இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. பள்ளி மூடினால் பிள்ளைகள் தங்களைத்தான் குற்றவாளியாக நினைத்துக்கொள்ளும். காரணம் பணம்தான் என்று எண்களோடு சொல்லிப் புரியவையுங்கள். அந்த வயதில் அவர்களுக்கு அது நன்றாகவே புரியும்.

அப்புறம் ஆரம்பித்தது தாள் வேட்டை. அந்தப் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் கிடையாது, போர்டில் ‘கற்றல் மையம்’ என்றுதான் இருக்கும். சேர்க்கும்போது மேலோட்டமாகச் சொன்னார்கள், பெரிய விஷயமில்லை என்றும் சொன்னார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தவே கூடாது, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அங்கீகாரத்துக்குக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். வாடகைத் தோட்டத்து ஓட்டுக் கொட்டகைக்கு இதெல்லாம் எப்படிக் கிடைக்கும்? அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையைக் கடைசியில் பிள்ளைதான் கொடுக்கிறது. அவர்களால் மாற்றுச் சான்றிதழ் தர முடியாது, லெட்டர்பேடில் ஒரு கடிதம்தான் கொடுத்தார்கள்.

டவுனில் ஒரு மெட்ரிக் பள்ளிக்குப் போனோம். விண்ணப்பத்துக்கும் தேர்வுக்கும் சேர்த்து 1,000 ரூபாய் வாங்கினார்கள். எம்ஸ் நம்பர் கேட்டார்கள், அதாவது தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் இருக்கும் எண். ஒன்றாம் வகுப்புப் படித்த நர்சரி பள்ளியில் டி.சி. வாங்கியபோது இவள் பெயரைக் ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்பில் விட்டிருந்தார்கள். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்க வேண்டிய தோட்டத்துப் பள்ளிக்கு அங்கீகாரம் இல்லாததால் தளத்தில் நுழையவே வழியில்லை. வருடக்கணக்கில் என் மகள் அந்தத் தொட்டியிலேயே கிடந்திருக்கிறாள். நுழைவுத் தேர்வில் ஆங்கிலமும் கணக்கும் வைத்தார்கள், ஒரு மணி நேரம். அவள் வாழ்க்கையில் கடிகாரம் பார்த்து எழுதிய முதல் பரீட்சை. பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. ‘நாலாவதுல வேணா சேர்த்துக்கறோம் மேடம்’ என்றார் அலுவலகத்தில் இருந்தவர். பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறாள்.

அன்றைக்கு எனக்குத் தெரியாதவை, இப்போது தெரிந்தவை: அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது, முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். பிரிவு 4-இன்படி, பள்ளிக்கே போகாத பிள்ளையாக இருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். பிரிவு 5-இன்படி, அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் திருப்பி அனுப்ப முடியாது. தேர்வு வைத்ததற்காகத் தனியார் பள்ளியிடம் சண்டை போடலாம், ஆனால் சண்டை போட்டுச் சேர்ந்த பள்ளியில் பிள்ளை எப்படி இருக்கும் என்று யோசித்து நாங்கள் விட்டுவிட்டோம்.

கோடை விடுமுறையில் பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. ‘பாப்பா பேரு இடைநின்னவங்க பட்டியல்ல வருதுங்க’ என்றார். ‘தெனமும் பள்ளிக்கூடம் போயிட்டுத்தானுங்க இருந்தா’ என்றேன். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆனால் அவர்தான் வழி காட்டினார். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரை அவரே ஃபோனில் பிடித்துப் பேசினார். மறுநாள் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கொண்டுபோனோம். ‘ஏனுங்க பயப்படறீங்க, வயசுக்கு ஆறாவதுதான், சேர்த்துக்கறோம்’ என்றார் அந்த அம்மா. பொதுத் தொகுப்பிலிருந்து பழைய எண்ணையே எடுத்துவிட்டார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. உங்கள் பிள்ளை அங்கீகாரமில்லாத இடத்தில் படித்தால், வள மையத்தையே முதலில் போய்ப் பாருங்கள், மெட்ரிக் பள்ளி வரிசையில் நிற்பதற்கு முன்னால்.

ஆறாம் வகுப்புக் காலாண்டில் வந்த மதிப்பெண்ணைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு அது வேறு கதை சொன்னது. செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பெண் கணக்கில் 40-க்கு 37. எழுத்துத் தேர்வில் 60-க்கு 17. ஒரே பிள்ளை, ஒரே பாடம். முதல் பருவத்திலேயே விகிதமும் விகிதசமமும் வருகிறது, பின்னம் தெரியாதவளுக்கு அது எப்படிப் பிடிபடும்? தெரிந்ததையும் படிப்படியாக எழுதிக் காட்டவோ நேரத்துக்குள் முடிக்கவோ பழக்கமில்லை. கணக்கு ஆசிரியர் மாலையில் அரை மணி நேரம் உட்கார வைத்தார். வீட்டுப் பக்கத்தில் கல்லூரி படிக்கும் பெண்ணிடம் மாதம் 800 ரூபாய்க்கு டியூஷன், அதுவும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து. முழு ஆண்டில் எழுத்துத் தேர்வு 41 வந்தது. தமிழில் ஆரம்பத்திலிருந்தே வகுப்பில் முன்னால்தான் இருந்தாள், கட்டுரை எழுதச் சொன்னால் இவள் நோட்டை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்களாம். ஆக, அந்தத் தோட்டத்துப் பள்ளி வீணில்லை. ஆள் இருந்த வருடங்களில் கற்றது எல்லாம் நின்றது, ஆள் இல்லாத வருடத்தில் கற்க வேண்டியது மட்டும்தான் ஓட்டை.

அதனால் முறையைக் குறை சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆந்திராவில் ரிஷி வேலிப் பள்ளி சுற்றுக் கிராமங்களில் நடத்திய அட்டை, ஏணி முறையை, அதாவது பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாகப் படித்துப் படிப்படியாக மேலேறும் முறையைப் பார்த்துத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து, ஆடல் பாடலோடு சொல்லிக்கொடுப்பதுதான் அடிப்படை. அரசுப் பள்ளியில் ஆசிரியர் போனால் தாமதமாகவாவது இன்னொருவர் வருவார். தோட்டத்துப் பள்ளியில் வரமாட்டார், வித்தியாசம் அதில்தான்.

மாற்றுப் பள்ளியில் இப்போதும் பிள்ளை படிக்கிறவர்களுக்கு ஒன்று. ஆறாம் வகுப்பு முக்கியமான எல்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்று பார்ப்பார்கள். ஐந்தாவது வரை எங்கே படித்தாலும் இதில் நட்டமில்லை, ஏழாவதில் மாறினால் போய்விடும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான அரசு வேலை முன்னுரிமைக்கோ ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று கேட்கிறார்கள், அங்கீகாரமில்லாத இடத்தில் அது கிடைக்காது. எட்டாவது வரை அங்கேயே தொடர்கிறவர்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வர்களுக்கான எட்டாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது, பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் போதும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வித் தேர்வுகள் உண்டு. எதுவாக இருந்தாலும் பிள்ளை எழுதிய நோட்டுகள், ஆசிரியர் எழுதிய குறிப்புகள், கட்டண ரசீதுகள் எல்லாவற்றையும் வருடா வருடம் வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது என்று கண்டுபிடித்தது அந்த லெட்டர்பேடு கடிதத்தை வைத்து அல்ல, மகளின் பழைய நோட்டுகளை வைத்துத்தான்.

எங்களுக்குப் போனது என்று பார்த்தால் திரும்பி வராத வைப்புத்தொகை 10,000, நடக்காத மாதங்களின் கட்டணம், விண்ணப்பப் பணம், டியூஷன், நான் சம்பளம் இழந்த நாட்கள் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தாண்டும். மிச்ச 10,000-ஐ வரும் வைகாசிக்குள் தருகிறோம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். பள்ளியில் இப்போது 14 சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களாம்.